திருப்பிக் கொடுத்த வரி

எங்கள் ஒவெர்ன் மலைப்பக்கத்தில் ராஜாவின் வரியை வசூலிக்க வெளியாள் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் கூடி, ஊராரே ஒருவன் தலையில் அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள். வசூல் குறைந்தால் சிறைக்குப் போவதும் அவன்தான். அந்த வருடம் என் வீட்டுக்காரர் துரான் மாட்டிக்கொண்டார்.

வீடு வீடாக ஏச்சும் பேச்சும் வாங்கி முழுப் பணத்தையும் சேர்த்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் பிரபுவுக்கும் ராஜாவுக்கும் முட்டிக்கொண்டது. அரச சபையில் தனக்கு இடமில்லை என்று பிரபுவுக்குக் கோபம். அவருடைய காரியஸ்தர் பெர்னோன் குதிரையில் வந்தார்.

"இனிமே ராஜாவுக்கு ஒரு செப்புக்காசு போகக் கூடாது. ஏழைங்க வயித்துல அடிக்கிற வரின்னு பிரபுவே சொல்லிட்டாரு. வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடு."

"நாளைக்கு ராஜா கேட்டா?" என்றார் இவர்.

"பிரபு பாத்துப்பாரு. நீ ஏன்யா நடுங்குற?"

கொடுத்தார். அன்று ஊரே இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. நானும் ஆடினேன், மடச்சி.

அறுவடைக்குள் பெரியவர்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து வரியில் மூன்றிலொரு பங்கு இனி பிரபுவுக்காம். அதே பெர்னோன், அதே குதிரையில், பாக்கியும் அபராதமும் கேட்டு வந்தார். இவர் மறுபடி வீடு வீடாகப் போனார். சிலர் நிஜமாகவே தின்று தீர்த்திருந்தார்கள். சிலர் புதைத்து வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியும்.

"நீங்களாத்தானேண்ணே குடுத்தீங்க? நாங்களா கேட்டோம்?" என்றான் பக்கத்து வீட்டு அஸ்தோர்க்.

இவரைப் பட்டணத்துக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். பசுவை விற்றேன், ஏரை விற்றேன், பாதிகூடத் தேறவில்லை. உள்ளே அவர் தின்னும் ரொட்டிக்கும் படுக்கும் வைக்கோலுக்கும் நானே காசு அழ வேண்டும். அவர் இருமினால் ரத்தம் வந்தது.

"இந்த வருசம் வேற ஆளைப் போட்டா, பழைய பாக்கியும் அவன் பொறுப்பாயிடும். என்னை விட்டுடுவாங்க. ஊர்க்கூட்டத்துல கெஞ்சிக் கேளு, தாயி" என்றார். இன்னொரு குளிர்காலத்தை அவர் தாங்க மாட்டார்.

கோயில் வாசலில் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அஸ்தோர்க்தான் தொண்டையைச் செருமினான்.

"கோவிச்சுக்காதீங்க மதினி. புதுசா ஒருத்தனைப் போட்டா அவனையும் உள்ள தள்ளுவாங்க. இன்னொரு குடும்பம் எதுக்கு நாசமாகணும்? அண்ணன்தான் ஏற்கெனவே உள்ள இருக்காரே. இந்த வருச வசூலுக்கும் அவரே இருந்துட்டுப் போகட்டும்."

எல்லாக் கையும் மேலே போனது. இதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவள் நான்.