சிக்னல் போனால்

தங்கை புருஷன் எனக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். அந்தப் பணத்தில்தான் அவர் ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்றைச் செய்தார். அது விற்றால் என் கடன் தீரும். அதை வாங்க வந்த லாரி டிரைவர் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

"மாப்ள, ரிமோட்டை அணைச்சுப் பாத்தீங்களா?"

"சும்மா இருங்க மச்சான். வந்த ஆளை விரட்டிடாதீங்க."

வாயை மூடியிருந்தால் பணம் கைக்கு வந்திருக்கும். ஆனால் மேலே போனபின் சிக்னல் அறுந்தால் அது யார் தலையில் இறங்கும்? டிரைவர் முன்னாலேயே விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியைக் கழற்றி வைத்தேன். மெதுவாக மோட்டாரை ஓட்டி, சட்டென்று ரிமோட்டை அணைத்தேன். நிற்க வேண்டிய மோட்டார் முழு வேகத்தில் அலறியது. டிரைவர் எழுந்தே விட்டார்.

மாப்பிள்ளை பாய்ந்து பேட்டரியைப் பிடுங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"ரிமோட்டையும் விமானத்துக்குள்ள சிக்னல் வாங்குற ரிசீவரையும் ஜோடி சேர்த்தப்போ ரிமோட்டுல இருக்குற வேகக் குச்சியை மேல விட்டுட்டேன். சிக்னல் போனா அதே வேகத்துல ஓடணும்னு ரிசீவர் மனசுல வச்சிருக்கு."

குச்சியை அடிமட்டத்துக்கு இழுத்து மறுபடி ஜோடி சேர்த்தார். டிரைவர் நம்பாமல் தானே மூன்று முறை ரிமோட்டை அணைத்தார். மூன்று முறையும் மோட்டார் நின்றது. அப்புறம்தான் பையைத் திறந்தார்.

அவர் போனதும் மாப்பிள்ளை நீட்டிய பணத்தை எண்ணினேன்.

"ஐம்பது குறையுதே?"

"என் வயித்தைக் கலக்கினீங்கல்ல, அதுக்குப் பிடிச்சுக்கிட்டேன்."

"சரி போங்க, கணக்கு தீந்துச்சு" என்றேன்.