பெயர் தெரியாத துரைக்கு ஓர் இலை

மாளய அமாவாசைக்குத் திம்மப்பன் வீட்டில் ஏழு இலை போடுவார்கள். ஆறு தரையில், இறந்துபோன சொந்தங்களுக்கு. ஏழாவது முக்காலி மேல், வெள்ளைக்காரத் துரைக்கு. துரை தரையில் உட்காருவாரா என்ன? மற்றவர்களுக்குக் களியும் கறிக்குழம்பும். துரைக்கு மட்டும் குருபரப்பள்ளி பேக்கரி பன்னும் அவித்த முட்டையும். பாவம், வருஷா வருஷம் அதேதான்.

திம்மப்பனின் தாத்தா கரியப்பன் முதல் உலகப் போரில் பெங்களூர்ப் பட்டாளத்தோடு இராக்கின் பஸ்ராவுக்குப் போனவர். காலில் குண்டு பட்டுச் சேற்றில் கிடந்தவரை அந்தத் துரைதான் தோளில் தூக்கிவந்து காப்பாற்றினார். முகாமில் பந்து உதைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தவர். ஊரில் பந்தாடுவதற்கே சம்பளம் வாங்கியவராம். கரியப்பனை இறக்கிவிட்டு இன்னொருவனைத் தூக்கிவரத் திரும்பி ஓடினார், வரவில்லை. அவர் கோட்டுப் பொத்தான் ஒன்று மட்டும் கரியப்பன் கையோடு வந்துவிட்டது. பிழைத்து வந்த பிறகுதான் கரியப்பனுக்குக் கல்யாணமே.

படையலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் சாப்பிடக் கூப்பிட வேண்டும். துரையின் பெயர் கரியப்பனுக்கே தெரியாது. உயிர் கொடுத்தவரை மொட்டையாகக் கூப்பிடுவது திம்மப்பனுக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. ஓசூர் பவுண்டரியில் முப்பது வருஷம் இரும்பு காய்ச்சியவருக்கு வேறு பெரிய ஆசை கிடையாது. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

மகள் வினோதா ஏற்றுமதிக் கம்பெனியில் வெளிநாட்டுக்கு மெயில் போடுகிறவள். பொத்தானில் அயர்லாந்துப் பட்டாளம் ஒன்றின் முத்திரை இருந்தது. அதைப் படமெடுத்து, கதையையும் எழுதி, அயர்லாந்தின் பழைய பந்தாட்டக் கிளப் ஒன்றுக்கு அனுப்பினாள். இந்த அமாவாசைக்கு முதல் நாள் பதில் வந்தது.

"ப்பா, பேரு கெடச்சிருச்சு! டேனியல் மக்கரி. அந்தப் பட்டாளத்துல காசுக்கு பந்தாடனவரு இவரு ஒருத்தருதானாம். அந்தச் சண்டையிலதான் காணாம போயிருக்காரு. இருவத்தாறு வயசு. பொண்டாட்டி புள்ளைங்க இல்ல."

"பெரிய துரையா இருந்தாராம்மா?"

"துரையும் இல்ல ஒண்ணும் இல்லப்பா. சாதா சிப்பாயி. அவங்கம்மா மில்லுல கூலி. இவரும் பத்து வயசுல மில்லுக்குப் போனவருதானாம்."

திம்மப்பன் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் கொட்டியது.

"நம்மள மாதிரி கூலிக்காரருடி! அவர தனியா ஒக்கார வச்சு பன்னக் குடுத்திருக்கோமே!"

"மில்லுல வேல செஞ்ச வயிறு பன்னுக்கு அடங்குமா?" என்றாள் மனைவி வெங்கடம்மா.

மறுநாள் ஏழாவது இலை கரியப்பனின் இலைக்குப் பக்கத்தில், தரையில் விழுந்தது. வெங்கடம்மா இரண்டு உருண்டை களி வைத்துக் கறிக்குழம்பைத் தாராளமாக ஊற்றினாள். மெயிலுக்கு அடியில் கிளப்காரர் எழுதியிருந்ததை வினோதா எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினாள்: "அவரை நினைக்க உலகத்தில் ஓர் ஆள் இருப்பார் என்று நாங்கள் எண்ணியதே இல்லை."

பேரன் பேத்திகள் உட்பட வீடு நிறைய ஆட்கள். திம்மப்பன் கைகூப்பினார். இருபத்தாறு வயதுப் பையனை எப்படிக் கூப்பிடுவது என்று அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டேனியல் தாத்தா, சாப்புட வாங்க. உங்களால நாங்க பத்தொம்போது பேரு இருக்கறோம். வந்து பாருங்க."