எடை போடாத பழம்

1

ஒரு பெண்ணின் நாக்குக்கு ருசி திரும்பி வருவதற்கு விலை, கூடைக்கு எண்பது. பறிக்கும்போது வாயில் போட்டுக்கொள்வதற்குக் காசில்லை. ஸ்ட்ராபெரித் தோட்டத்து வாசலில் அப்படித்தான் எழுதிப் போட்டிருந்ததாம். [பலகையில் நாக்கைப் பற்றி ஒன்றுமில்லை. அது என் கைச்சரக்கு.]

கதை என்னுடையதல்ல. தெருமுனைப் பழக்கடைக்காரர் சொன்னது. ஆரஞ்சு வாங்கப் போன இடத்தில் முக்கால் கதை கிடைத்தது. மீதியை எவ்வளவு கேட்டும் தரவில்லை. "அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்றார். வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன் நான். தரமாட்டேன் என்பது பேரத்தின் தொடக்கம் என்றுதான் எனக்குத் தெரியும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: இலைகளின் மேல் பனித்துளிகள் வைரம்போல

[வேண்டாம். கடைக்காரரும் மனைவியும் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது உச்சி வெயிலில்.]

சரி, நேராகவே சொல்கிறேன். கடைக்காரரின் மனைவிக்கு நோய் வந்தது. சிகிச்சையில் நோய் போயிற்று. போகிற போக்கில் ருசியையும் வாரிக்கொண்டு போயிற்று. எதைக் கொடுத்தாலும் "ஒண்ணும் தெரியலைங்க" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் மறுபடி படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக்காரர் தன் கடையில் இருந்த ஸ்ட்ராபெரியைக் கொடுத்துப் பார்த்தார். லாரிக்காக முன்கூட்டியே பறித்த பழம், காம்படியில் வெளுத்துக் கிடந்தது. நல்ல நாக்குக்கே அது பஞ்சுதான். செடியிலேயே பழுத்ததைக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கடையைப் பூட்டிவிட்டு அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

3

கடைக்காரர் குனிந்து, இலையை விலக்கி, கழுத்துவரை சிவந்த ஒன்றைத் தேடிப்பிடித்தார். காம்பை நகத்தால் கிள்ளினார்.

"இந்தா. பாதி கடி."

அவள் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். அவர் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பின்னால் தோட்டக்காரர் வந்து நிற்க வேண்டுமா?

"எப்படி இருக்கு நம்ம பழம்?"

அவள் முகத்தைச் சுளித்தாள். "புளிக்குதுண்ணே. இதுக்கு எண்பது ஜாஸ்தி. அறுபதுன்னா ரெண்டு கூடை எடுத்துக்கிறோம்."

"போர்டுல போட்ட விலைம்மா."

"போர்ட நீங்கதான எழுதினீங்க? ஆண்டவனா வந்து எழுதிட்டுப் போனான்?"

தோட்டக்காரர் சிரித்து, எழுபதுக்கு இறங்கினார்.

[இங்கே ஒரு விளக்கம் தேவை. விற்கிறவன் காது கேட்கச் சரக்கைப் புகழக்கூடாது. இது எங்கள் கூட்டத்தின் முதல் பாடம். கடைக்குச் சரக்கெடுக்கப் போகும் சந்தையில் அவள் தேனான பழத்தைக் கடித்துவிட்டு, கஷாயம் குடித்தவள்போல் முகத்தை வைத்துக்கொள்வாள். அந்த முகச்சுளிப்பில்தான் அவர்கள் வீட்டு மாடி எழும்பியது.]

அவள் கையிலிருந்த மீதிப் பாதியை அவர் வாங்கி வாயில் போட்டார். அப்படி ஒரு இனிப்பு. இனிப்பு தெரிந்துதான் புளிக்குது என்றாளா? ஒன்றும் தெரியாமல், பழைய பழக்கம் மட்டும் வாயில் வந்ததா? பெண்டாட்டி சொன்னது பொய்யாக இருக்கவேண்டுமே என்று நெஞ்சுருக வேண்டிக்கொண்ட புருஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேட்டுவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். நானும் அவரிடம் அதைத்தான் சொன்னேன்.

"கேட்டா என் மனசு நோகக்கூடாதுன்னு இனிச்சுதுன்னுதான் சொல்லுவா. சந்தையையே ஏமாத்தின முகங்க அது. அதைப் பார்த்து நான் என்னத்தக் கண்டுபிடிக்க?"

4

அவர் தராத முடிவுக்குப் பதிலாக, என் கைவசம் உள்ளவை:

திரும்பும் வழியில், மடியிலிருந்த கூடைக்குள் அவள் கை தானாகப் போகிறது. வீடு வருவதற்குள் பாதி காலி. [உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.]

இரண்டு கூடையும் ஃப்ரிட்ஜில் பூஞ்சை பிடிக்கின்றன. [எழுதினேன். அடித்துவிட்டேன்.]

வாசற்படியில் அவர் துணிந்து, "உண்மையைச் சொல்லு, அந்தப் பழம் இனிச்சுதா?" என்று கேட்க, அவள்

5

"இப்ப எப்படி இருக்காங்க?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் நான் கேட்காமலே தராசில் இன்னொரு ஆரஞ்சை வைத்தார். உள்ளே ஒரு நாற்காலி, அதில் மெத்தை. ஆள் இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியா, ஆள் வராத நாற்காலியா, வெளியிலிருந்து தெரியவில்லை. எட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்கு இதுதான். கூடை இரண்டு, எழுபது வீதம் நூற்று நாற்பது, தோட்டக்காரருக்குச் செலுத்தியாயிற்று. ஆரஞ்சுக்கு நான் கொடுத்துவிட்டேன். தோட்டத்தில் தின்றது ஒரே பழம், ஆளுக்குப் பாதி, எடை போடவில்லை. பாக்கி ஒரே ஒரு சொல். அவள் அவருக்குத் தரவேண்டியது, அவர் எனக்கு, நான் உங்களுக்கு.