முருகைக்கல் வீடு

வாருங்கள், தேனிக் கடைவீதியின் தென்கோடியில் எழும்பியிருக்கும் அந்த மாடிவீட்டைப் பாருங்கள். கண்ணைக் கூசவைக்கும் அதன் வெண்மையைத் தொட்டுப் பாருங்கள். ஒரு தீவையே சுட்டு அரைத்து அந்தச் சுவரில் பூசியிருக்கிறார்கள்!

சுண்ணாம்புக் காளவாசல் முதலாளி சங்கரலிங்கம் அந்த வீட்டில் பால் காய்ச்சிய வைகாசிக் காலையில், மயிலாடும்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் மொக்கம்மாள். வாழ்த்த வந்தவள் என்று வீட்டார் நினைத்தார்கள். அவள் பழிதீர்க்க வந்திருந்தாள்.

மழை பொய்த்துக் கடலைக்காடு கருகிய வருஷத்தில், அவளையும் புருஷன் சின்னச்சாமியையும் காளவாசலில் சுடக் கல்லெடுக்கும் கூலிகளாகக் கடல் நடுவே ஒரு தீவுக்கு அனுப்பியவர் சங்கரலிங்கம். மலைகளுக்கு நடுவே பிறந்தவளுக்குக் கடல் முதலில் கிலியூட்டியது. பின்பு சோறு போட்டது. மணலைக் கையால் பறித்தாலே அங்கே நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கடற்பாசி எடுப்பார்கள். பக்கத்துக் குடிசை ஜெபமணி, நீர் வற்றிய ஒரு பகலில் அவளைப் பாறைத்திட்டுக்குக் கூட்டிப்போனாள். மான்கொம்பாய்க் கிளைத்தும் முறமாய் விரிந்தும் ஊதாவும் மஞ்சளுமாக வளர்ந்திருந்தது முருகைக்கல் என்னும் பவளப்பாறை. அதன் இடுக்குகளில் கிளிநிற மீன்கள் ஒளிந்து விளையாடின.

“இது உசுருள்ள கல்லு. பூ மாதிரி வாயத் தொறந்து இரை எடுக்கும்” என்றாள் ஜெபமணி. “வெளித்திட்டுதான் எங்களுக்கு வேலி. அதத் தொட்டா, கடல் எங்க அடுப்புக்குள்ள வந்துரும்.”

மொக்கம்மாள் சொல்லக் கேட்டுச் சின்னச்சாமி கடப்பாரையைக் கீழே போட்டான். சேதி கேட்டுச் சங்கரலிங்கம் தாமே தோணியேறி வந்தார். வெளித்திட்டை வெட்டாதவனுக்குச் சோறும் இல்லை, கரை திரும்பத் தோணியும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பசி வென்றது. திட்டு உடைந்தது. ஐப்பசிப் புயலில், தடுக்க ஒன்றுமில்லாத அலை குடிசைகளை வாரிச் சுருட்டியது. ஜெபமணியின் பிள்ளைகளை மணல்மேட்டில் சேர்த்துவிட்டு, அவளைத் தேடித் திரும்பினான் சின்னச்சாமி. இருவர் உடலும் கரை ஒதுங்கவில்லை.

இப்போது அதே தீவுக்கு அடுத்த கூட்டம் புறப்பட வேண்டும். தெருமுனையில் லாரி நின்றது. பந்தலில் கூடிய கூலிகளோ ஒரே பேச்சில் நின்றார்கள்: மொக்கம்மாள் அந்த வீட்டு வெற்றிலையை வாங்கினால்தான் ஏறுவோம். ஒரு வீட்டின் வெற்றிலையை வாங்கிவிட்டால் அந்த வீட்டோடு வழக்கில்லை என்று பொருள். ஆகவேதான் புதுச்சேலையும் தாம்பூலத் தட்டுமாக முதலாளியே எழுந்து வந்தார்.

“வா ஆத்தா. கடல் செஞ்சதுக்கு மனுசன் என்ன பண்ணுவான்? எடுத்துக்க.”

“வேலியப் பிடுங்கச் சொன்னதும் கடலுதானா மொதலாளி?”

கூலிகளில் மூத்தவனான பலவேசம் செருமினான். “தோணி கெடையாதுன்னு சொன்னதும் கடலுதான்போல. அன்னைக்கு வேட்டி கட்டி வந்திருந்தாக.”

பந்தலில் சிரிப்பு பரவியது. சங்கரலிங்கம் பல்லைக் கடித்தார். “நல்ல நாளும் அதுவுமா இங்கன தகராறு பண்ணவா வந்த?”

“இல்ல. கைய நீட்டுங்க.”

பணிந்துவிட்டாள் என்றெண்ணி நீட்டினார். அவள் வெற்றிலையைத் தொடவில்லை. தட்டிலிருந்த சுண்ணாம்பை விரலால் வழித்து அவர் உள்ளங்கையில் அப்பினாள்.

பந்தலில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள். சுண்ணாம்பைக் கைக்குக் கை கொடுத்தால் தீராப் பகை மூளும் என்று அஞ்சி, இலையில் தடவியே நீட்டும் சீமை அது. அந்த அச்சம் மூடத்தனமே. ஆனால் எந்த அதிகாரியும் காது கொடுக்காத ஒருத்திக்கு, தன் பகையை ஊரறியச் சாற்ற வேறு முரசு ஏது?

“எங்க வீட்டாளும் ஜெபமணியும் வெந்த சுண்ணாம்பு இது. கழுவிப் பாருங்க” என்றாள்.

“ஏலே, மூட்டையத் தூக்குங்க” என்றான் பலவேசம். “ஊருக்குப் போவோம்.”

லாரி வெறுமையாய் நின்றது. கல் வராத காளவாசல் சில வாரங்களில் அவிந்தது. அதைக் காண்பதற்கென்றே மறுபடி பஸ்ஸேறி வந்தாள் மொக்கம்மாள். குளிர்ந்த சாம்பலில் காறித் துப்பினாள். அவள் மனம் ஆறவில்லை, ஆறவும் கூடாது. வேறு முதலாளிகள் வேறு தீவுகளுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள். வெள்ளையடிக்க உங்கள் வாசலில் மூட்டை இறங்கும்போது, எந்தக் கல்லைச் சுட்டது என்று கேளுங்கள். முருகைக்கல் என்றால் அவிழ்க்காமல் திருப்பி அனுப்புங்கள். கூலிக்கு ஆள் ஏற்ற லாரி வந்தால், குறுக்கே நில்லுங்கள்.