மயில்கரட்டிலிருந்து நாங்கள் திரும்பிய விதம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மயில்கரட்டு அடிவாரத்தில் இருந்தவர்கள்: ஹரிராம் ஆகிய நான், என் மருமகள் ஸ்வப்னா, என் தங்கை சுந்தரவல்லி, அவள் கணவர் ஸ்ரீனிவாஸ், வேன் ஓட்டி வந்த சமயநல்லூர் மொக்கைச்சாமி. ஊர்க்காரர்களில், கரட்டுக் கோயில் பூசாரி சோணை, அவர் தம்பி மனைவி தங்கப்பொண்ணு. மொத்தம் இவ்வளவுதான். கொஞ்சம் வெள்ளாடுகள் நின்றன. என் மகன் ஹரிஷ்குமார் அன்று ஓசூரில் வேலையில் இருந்தான். இவர்களைத் தவிர வேறு யார் வந்து “நான் கண்ணால் பார்த்தேன்” என்றாலும் அவர் பார்க்கவில்லை.

ஸ்வப்னா செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு வருகிறவர்கள் கோயிலைச் சுற்றுகிறார்கள், மகாலைப் பார்க்கிறார்கள், ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். மதுரைக்காரர்களோ இரண்டு நாள் லீவு கிடைத்தால் கொடைக்கானலுக்கு ஓடுகிறார்கள். நடுவில் கிடக்கிற நிலத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. நாரை இறங்கும் கண்மாய், பாறையில் வெட்டிய சமணப் படுக்கை, படிக்கட்டெல்லாம் தாழம்பூ மண்டிய பழைய கிணறு என்று அவள் தேடிக் கண்டுபிடிப்பாள். ஞாயிறுதோறும் ஒரு வேனில் ஆட்களை அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவாள்.

எங்கள் சௌராஷ்டிர ஜனங்களில் சிலருக்கு இது பொறுக்கவில்லை. ஜவுளிக்கடை ஹரிராம் வீட்டு மருமகள் கண்டவர்களோடு ஊர் சுற்றுகிறாள் என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே பேசினார்கள். நான் இலையை மூடாமல் எழுந்து நின்று சொன்னேன்: “குஜராத்திலிருந்து நடந்தே மதுரைக்கு வந்து சேர்ந்த வம்சம் இது. எங்கள் வீட்டுப் பெண் எழுமலை வரைக்கும் வேனில் போனால் எந்த மானம் போய்விடும்?” பிறகு உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டேன்.

மயில்கரடு எழுமலையைத் தாண்டி, மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் தனியாக நிற்கிற பாறைக் குன்று. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுனை இருக்கிறது. சித்திரையிலும் வற்றாது என்கிறார்கள். அங்கே ஆட்களைக் கூட்டிவர ஸ்வப்னா மூன்று முறை போய்க் கேட்டாள். சோணை மூன்று முறையும் அதே பதிலைத்தான் சொன்னார்.

“நீ நல்ல பிள்ளதான் தாயி. ஆனா ஒன்னய மட்டும் பாத்துட்டு நாங்க எப்படிச் சரிங்கிறது? உங்க வீட்டுப் பெரியவங்களக் கூட்டிட்டு வா. அவுக செம்பு வாங்கிக் குடிச்சிட்டுக் கரடு ஏறட்டும். பெறகு ஒங்க ஆளுகளக் கூட்டியா.”

அந்த ஊர் வழக்கம் அது. சுனைத் தண்ணீரை ஒரு பித்தளைச் செம்பில் கீழே கொண்டுவந்து வைத்திருப்பார்கள். புதிதாக ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஒரு வாய் குடிக்க வேண்டும். குடிக்காதவர்கள் ஏறக் கூடாது. ஒரு வீட்டுப் பெரியவர்கள் குடித்துவிட்டால் அந்த வீட்டை நம்பி வருகிறவர்கள் எல்லாரும் ஏறலாம். ஸ்வப்னா இதைத் தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னாள். “பெரியவர்களைப் பார்த்துப் பேசுகிற ஊர், மரியாதை தெரிந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை போகலாம்” என்றேன். அடுத்த மாதம் பூராவும் மயில்கரட்டுக்கென்றே ஆட்கள் அவளிடம் பெயர் கொடுத்திருந்தார்கள் என்பதை வேனில் போகும்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்த ஊர் மறுத்துவிட்டால் அவள் அத்தனை பேரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

சுந்தரவல்லியும் ஸ்ரீனிவாஸும் அழைக்காமல் வந்தவர்கள். “உன் மருமகள் என்னதான் செய்கிறாள் என்று நானும் பார்க்கிறேன்” என்று காலையில் வந்து வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார் ஸ்ரீனிவாஸ். தங்கை புருஷன், வீட்டு மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் முதல் இலை அவருக்கு, முதல் நாற்காலி அவருக்கு. அவர் முன்னால் அதுவரை நான் குரலை உயர்த்தியதில்லை.

உசிலம்பட்டி தாண்டும் வரை அவர் மொக்கைச்சாமியை வறுத்துக்கொண்டே வந்தார். ஏசி போதவில்லை, பிரேக் அடிக்கத் தெரியவில்லை.

“மாப்ள சார், ரோட்டுல ஆடு படுத்திருக்கு. பிரேக் போடவா, பிரியாணி போடவா?” என்று கேட்டான் மொக்கைச்சாமி. ஸ்வப்னா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்தாள்.

அடிவாரத்தில் இறங்கினோம். வேப்பமரத்தடியில் சோணை துண்டைத் தோளில் போட்டபடி நின்றிருந்தார். பக்கத்தில் செம்போடு தங்கப்பொண்ணு, நாற்பத்தைந்து வயதிருக்கும். வாங்க வாங்க என்று இரண்டு பேரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டு, என் தங்கையையும் வீட்டு மாப்பிள்ளையையும் யாரென்று சொன்னேன். செருப்பைக் கழற்றினேன். சுந்தரவல்லியும் கழற்றினாள்.

தங்கப்பொண்ணு மாப்பிள்ளை மரியாதை தெரிந்தவளாக, முதலில் ஸ்ரீனிவாஸிடம் செம்பை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. எங்களைப் பார்த்து, எங்கள் சௌராஷ்டிர பாஷையில், சிரித்த முகத்தோடு சொன்னார்: “யார் வாய் வைத்த செம்போ. நாற்றம் பிடித்த ஜனங்கள். குடிப்பது போலக் கையில் வாங்கிக் கீழே ஊற்றிவிடுங்கள். இவர்களுக்கு என்ன தெரியப் போகிறது.”

வெளியூரில் எங்களவர்கள் செய்கிற காரியம்தான் இது. கடையில் விலை கேட்கும்போதும் பஸ்ஸில் இடம் பிடிக்கும்போதும் எதிரில் இருப்பவரைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே எங்கள் பாஷையில் பேசிக்கொள்வோம். அது எங்கள் வீட்டுக்குள் இருக்கிற அறை மாதிரி. கதவு சாத்தியிருக்கிறது என்று நினைப்பு.

தங்கப்பொண்ணு செம்பைக் கீழே இறக்கவில்லை. எங்கள் பாஷையிலேயே, மதுரை வில்லாபுரத்து இழுவையோடு பதில் சொன்னாள்: “காலையில் புளி போட்டு விளக்கிய செம்பு. வாய் வைத்து யாரும் குடிக்கவில்லை. கீழே மட்டும் ஊற்றாதீர்கள், இரண்டு தரம் ஏறி இறங்கி எடுத்து வந்தது.”

ஸ்ரீனிவாஸின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

சோணைக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னத்தா, அவுக பாசையில நீ பேசுற? என்ன சொன்னாரு அவரு?”

“ஒண்ணுமில்ல மாமா” என்றாள் தங்கப்பொண்ணு. அவள் கண் என்மேல் இருந்தது.

ஸ்ரீனிவாஸ் என் முழங்கையைப் பிடித்தார். இந்த முறை தமிழிலும் இல்லை, எங்கள் பாஷையிலும் இல்லை. “கம், கம்” என்று வேனைக் காட்டினார். ஏறிப் போய்விட்டால் போதும். அந்தப் பெண் தானாக எதையும் சொல்லமாட்டாள். சோணைக்குத் தெரியாமலே போகும். ஸ்வப்னா இன்னொரு நாள் வந்து ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வாள். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார்.

எங்கள் வீட்டு அசிங்கத்தை ஒரு பிறத்தியார் வீட்டுப் பெண் தன் மடியில் கட்டி மறைப்பதா? அந்தத் தயவில் என் மருமகள் தொழில் செய்வதா? நான் என் கையை விடுவித்துக்கொண்டேன்.

“சோணை அண்ணே, நான் சொல்கிறேன்” என்றேன். ஸ்ரீனிவாஸ் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். நாற்றம் என்பதையும் சொன்னேன்.

ஆடு ஒன்று செருமியது.

சோணை என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது வேறு.

“பெரியவரே, அவரு சொன்னது தப்புதான். ஆனா நீங்க செஞ்சது எனக்குப் பிடிக்கல. வீட்டு மாப்பிள்ளைய வேத்து ஆளுக முன்னாடி இப்படி விட்டுக்குடுத்துட்டீகளே. சொந்த மாப்பிள்ளையவே விட்டுக்குடுக்கிற வீட்ட நம்பி நாங்க எப்படிக் கரட்டத் தொறந்துவிடுறது?”

மாமா, விடுங்கள் என்று ஸ்வப்னா மெதுவாகச் சொன்னாள். நான் விடவில்லை.

“நான் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதும் அவர் என் மாப்பிள்ளை. வீட்டுக்குப் போனால் முதல் இலை அவருக்குத்தான். ஆனால் அவர் சொன்னது இப்போது என் வீட்டுச் சொல். என் வீட்டுச் சொல்லை ஒளித்து வைத்துவிட்டு உங்கள் தண்ணீரை நான் குடிக்க மாட்டேன். தெரிந்த பிறகு கொடுத்தால் குடிக்கிறேன். கொடுக்க மனமில்லை என்றால் சொல்லுங்கள், வந்த வழியே நிமிர்ந்து போகிறேன்.”

சோணை வாயைத் திறப்பதற்குள் தங்கப்பொண்ணு குறுக்கே வந்தாள்.

“மாமா, இருங்க. நாத்தம்னு சொன்னது என்னயத்தான? செம்பும் என் கையிலதான இருக்கு? அப்ப நாந்தான் சொல்லணும்.” என்னிடம் திரும்பினாள். “தண்ணி தாரேன். கரட்டுக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா மேல வந்து குசுகுசுன்னு ஒங்க பாசையில பேசக் கூடாது. பேசுனா எனக்குக் கேக்குற மாதிரிச் சத்தமாப் பேசணும்.”

“சத்தமாகவே பேசுவோம்” என்றேன். “எங்கள் பாஷையை நான் எங்கேயும் விடுவதில்லை.”

“நான் விடச் சொல்லலையே.”

செம்பை வாங்கினேன். அண்ணாந்து குடிப்பதுதான் என் பழக்கம், அப்படியேதான் குடித்தேன். வழக்கத்தை நான் அவர்களுக்காகவும் மாற்றவில்லை, ஸ்ரீனிவாஸுக்காகவும் மாற்றவில்லை. பாறை வாசனையோடு பல் கூசும் குளிர்ச்சி. செம்பைத் தாழ்த்தியபோது சுந்தரவல்லி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“வல்லி, வேனில் ஏறு” என்றார் ஸ்ரீனிவாஸ்.

“இப்போதுதானே செருப்பைக் கழற்றினேன்” என்று சொல்லிவிட்டு அவள் குடித்தாள்.

அவர் வேனில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஏறினோம்.

பாதை என்று ஒன்று இல்லை. பாறையில் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடம்தான் வழி. வெறுங்காலுக்குச் சூடு தெரிந்தது. வழி முழுக்கத் தங்கப்பொண்ணும் சுந்தரவல்லியும் எங்கள் பாஷையில் கூவிக்கொண்டே ஏறினார்கள். கல்யாணமாகி எழுமலைப் பக்கம் வரும்வரை தங்கப்பொண்ணு வில்லாபுரத்தில் ஒரு காம்பவுண்டில் இருந்தவள். மூன்று பக்கமும் சௌராஷ்டிரா வீடுகள்.

“உங்க ஆளுங்க பங்கரபான் குடுப்பாங்க பெரியவரே, அது நெசம். ஆனா குடுத்த கிண்ணத்தக் கேட்டு மறுநாள் மூணு தடவ வந்து நிப்பாங்க.”

“கிண்ணம் எங்களுடையதுதானே!” என்றேன்.

“பலகாரம் தீரவே இல்ல, அதுக்குள்ள கிண்ணமா?”

ஸ்வப்னா அப்போதுதான் சிரித்தாள். முள்ளுமுருங்கை இலை அரைத்துச் சுட்ட பங்கரபான் ஒரு டப்பா நிறைய அவள் பையில் இருந்தது.

சுனையைப் பற்றி நான் அலங்காரமாக எழுதப் போவதில்லை. ஒரு பெரிய பாறை இன்னொன்றின்மேல் சாய்ந்து கிடக்கிறது. இடுக்கில் தண்ணீர், கறுப்பாக, அசையாமல். குனிந்தால் என் முகம் தெரிந்தது. பின்னால் வானம் தெரிந்தது. வெளியே வந்து கிழக்கே பார்த்தால் உசிலம்பட்டி வரைக்கும் சமவெளி: தென்னந்தோப்பு, உழுத செவல் மண், கண்மாய்களின் வெளிச்சம். மேற்கே ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் இந்த ஊர்க்காரர்களுக்கு வேட்டியும் சேலையும் விற்றவன் நான். அவர்கள் எங்கிருந்து பஸ் ஏறி என் கடைக்கு வந்தார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

இறங்கி வந்தபோது சோணை வேனருகே நின்றிருந்தார். கையில் அதே செம்பு, குடத்தில் மீதியிருந்த சுனைத் தண்ணீரால் புதிதாக நிரப்பியது. ஜன்னலைத் தட்டி ஸ்ரீனிவாஸிடம் அவரே நீட்டினார். “மாப்ள, எறங்கி வாங்க. பேச்சுப் பேச்சோட போச்சு.” ஸ்ரீனிவாஸ் கண்ணாடியை ஏற்றினார். சோணை தோளைக் குலுக்கிக்கொண்டு வேப்பமரத்தின் தூரில் தண்ணீரை ஊற்றினார்.

பிறகு ஸ்வப்னாவிடம் சொன்னார்: “வாரம் ஒரு வேன் தாயி. அதுக்கு மேல கரடு தாங்காது. பாட்டுப் போடக் கூடாது. சுனைக்குள்ள கால வைக்கக் கூடாது. தங்கப்பொண்ணு கூட ஏறும்.” என்னைக் கையால் காட்டினார். “ஒங்க மாமனாரு செஞ்சது எனக்கு இன்னும் பிடிக்கல. மறைக்காமச் சொல்றேன்.”

“பிடிக்க வேண்டும் என்று நான் செய்யவில்லை” என்றேன்.

“அதுவும் தெரியுது” என்றார்.

வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மொக்கைச்சாமி ஒரு இலையில் சோறும் பங்கரபானும் வைத்து வேனுக்குள் கொண்டுபோனான். முதல் இலை அதுதான். நான் சொல்லித்தான் கொண்டுபோனான். இலை காலியாகத் திரும்பி வந்தது.

இப்போது கல்யாண மண்டபங்களில் பேசுகிறார்களாம்: எழுமலைப் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் வேனை மறித்தார்கள், ஸ்வப்னா பூசாரி காலில் விழுந்து கெஞ்சினாள், நாங்கள் சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல் தப்பித்து ஓடி வந்தோம், அதோடு அவள் வேன் நின்றுபோனது என்று.

வேனை யாரும் மறிக்கவில்லை. ஸ்வப்னா யார் காலிலும் விழவில்லை. சாப்பிட்டு, கை கழுவி, தங்கப்பொண்ணு பொட்டலம் கட்டிக் கொடுத்த நாவல்பழத்தையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினோம். வேன் நிற்கவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் மயில்கரட்டுக்குப் போய் வருகிறது.