காத்திவாக்கத்தில் கொதித்த உலை

1934ஆம் வருடம் ஐப்பசி மாதம், ராயபுரம் மாலுமிகள் விடுதியின் மின்சார அடுப்பைத் திருகினால், ஆறு மைல் வடக்கே காத்திவாக்கத்தில் சோறு வெந்தது. விடுதிப் பானையில் அரிசி ஊறிக்கொண்டே கிடந்தது.

அந்த அடுப்பு முந்தின வருடம் கப்பலில் வந்தது. நான்கு தட்டுகள். ஒவ்வொன்றிலும் சுட்ட மண் பள்ளத்துக்குள் சுருள்கம்பி, முன்னால் ஒரு திருகு. கப்பலில் எஞ்சினியராக இருந்து நுரையீரலில் கரி ஏறிப்போன வார்டன் துரைக்குப் புகை ஆகாது, அதனால் வாங்கினார். அதில் சமைத்தவள் ஃப்ளோரன்ஸ். அவள் புருஷன் அதே அடுக்களையில் சமையல்காரனாக இருந்து, ஒருநாள் ரங்கூனுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பாமலே இருந்துவிட்டான். மறுநாள் காலை அவள் தானாக வந்து உலை வைத்தாள். யாரும் தடுக்கவில்லை, வேலை அவளுடையதாகிவிட்டது. ஆடியில் முதல் தட்டு குளிர்ந்தது, ஆவணியில் இரண்டாவது, புரட்டாசி முடிவதற்குள் மூன்றாவது. மிஞ்சிய ஒரே தட்டில் நாற்பது பேருக்குப் பொங்கியதில் காலைச் சாப்பாடு மத்தியானமும் மத்தியானச் சாப்பாடு விளக்கு வைத்த பிறகும் மேசைக்குப் போனது. வருகிற ஞாயிற்றுக்கிழமை புதிதாக வரும் கப்பலின் ஆட்களுக்கு விருந்து, அன்றைக்கும் அடுப்பு இப்படியே இருந்தால் திங்கட்கிழமை பம்பாயிலிருக்கும் கோவாக்காரச் சமையல்காரனுக்குத் தந்தி போகும் என்று வார்டன் சொன்னார். கோபமில்லாமல் சொன்னார். அதனால் ஃப்ளோரன்ஸ் நம்பினாள்.

வெள்ளிக்கிழமை மின்சார மேஸ்திரி அய்யாத்துரை வந்தான். யாரிடமும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அவனுக்கு இல்லை, எந்திரத்தைப் பார்த்தே பேசுவான். பல்பு கோத்த இரண்டு கம்பிகளை அடுப்பின் பின்னால் வைத்தான். பல்பு எரிந்தது, ஆக மின்சாரம் வருகிறது. திருகைத் திருப்பினான், சுவரில் மீட்டர் சுற்றியது, ஆக மின்சாரம் செலவாகிறது. சுருள்மேல் உள்ளங்கையை வைத்தான்; கிணற்றுக் கல் மாதிரி இருந்தது. முதல் தட்டின் சுருளைக் கழற்றி நல்ல தட்டில் பொருத்தினான், அதுவும் குளிர்ந்தது. நல்ல தட்டின் சுருளை முதல் தட்டில் பொருத்தினான், பழுக்கச் சிவந்தது. கோளாறு சுருளோடு போகிறது, திருகிலோ ஒயரிலோ இல்லை.

"இந்த ஒண்ணு மட்டும் நல்லா கீதே, முன்னல்லாம் இதுல இன்னா வெப்பே?"

"தொரையோட டீ கெட்டிலு மட்டும். சோத்துப் பானை இதுல ஏறி பத்து நாளுதான் ஆவுது."

"மத்ததுல?"

"சோத்துப் பானை, கொழம்புச் சட்டி, வெந்நித் தவல."

அவன் தவலையைத் தூக்கிக் கவிழ்த்தான். அடியில் விரல் தடிமனுக்கு மண் பூசியிருந்தது. கரி பிடிக்காமலிருக்க, விறகடுப்பில் ஏற்றும் முன் பாத்திரத்தின் அடியில் மண் குழைத்துப் பூசுவது எல்லாப் பெண்களும் செய்வது. கழுவும்போது கரி மண்ணோடு உரிந்து வந்துவிடும். ஃப்ளோரன்ஸ் ஏழு வயதிலிருந்து பூசுகிறாள். இந்த அடுப்பில் புகையும் இல்லை, கரியும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

"கரண்டு அடுப்புக்கு மண்ணு பூசின மொத ஆளு நீதாம்மா. கெட்டிலுக்கு ஏன் பூசல?"

"தொர கெட்டிலுக்கு மண்ணு பூசிட்டு எவன் திட்டு வாங்கறது?"

காய்ந்த மண் உதிர்ந்து சுருளின் இடுக்கெல்லாம் அடைத்திருந்தது. எந்த ஊர் மண் என்று கேட்டான். வாசலில் இறால் கொட்டிக்கொண்டிருந்த மீன்காரி கெங்கம்மா, தான்தான் கூடைக்கடியில் வைத்து வாராவாரம் கொண்டுவருவதாகச் சொன்னாள். காத்திவாக்கம் கழிமண், அதில்தான் அவள் தெருவில் அடுப்புகளும் போட்டிருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவள் கையை உதறினாள்.

"அடியாத்தே! ஆடிலேர்ந்து ஒண்ணொண்ணா மூணு வூட்ல வெறகே இல்லாம ஒல கொதிக்குது. அம்மன் குடுக்கறான்னு அந்த அடுப்புலயே பொங்கல் வெச்சிட்டோமே!"

"இந்த மண்ணு சூட்ட அதோட ஊர் மண்ணாண்ட கொண்டு போவுது," என்றான் அய்யாத்துரை, பிரஷ்ஷைத் தேடியபடி. "சொரண்டிட்டா நின்னுடும்."

கெங்கம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். அவன் சுரண்டித் துடைத்ததில் ஒரு மணி நேரத்தில் நான்கு தட்டும் சிவந்தன. ஞாயிற்றுக்கிழமை விருந்து மணி அடித்தபோது மேசையில் இருந்தது. கோவாக்காரனுக்குத் தந்தி போகவில்லை.

திங்கட்கிழமை கெங்கம்மா வந்தாள். இறால் இருந்தது, மண் இல்லை. கண்கள் சிவந்திருந்தன. அடைமழையில் விறகெல்லாம் ஊறி வீடு முழுக்கப் புகை, மகள் பெற்ற பிள்ளைக்கு ஒன்பது நாள்தான் ஆகிறது, இருமி இருமிப் பால் குடிக்க மாட்டேனென்கிறது என்று, கேட்ட பிறகுதான் சொன்னாள். தப்பு சொல்கிற குரலில்லை, மழையைப் பற்றிச் சொல்கிற குரல். ஃப்ளோரன்ஸ் இறாலை உரித்து முடிக்கும் வரை யோசித்தாள். திரும்ப ஒருமுறை அடுப்பு குளிர்ந்ததை வார்டன் பார்த்தால் அவள் நிற்க இடமில்லை.

"நாளிக்கு மண்ணு கொண்டா," என்றாள். "மத்தியானம் பந்தி முடிஞ்சு ரெண்டு மணிக்குத் திருவுவேன். நாலு மணி வரைக்கும். அதுக்குள்ள ஆக்கிக்கோங்க."

அப்படியே நடந்தது. சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிய பிறகு மூன்று சுருள்களிலும் சிட்டிகை மண் வைத்துத் திருகுவாள், நாலு மணிக்கு அய்யாத்துரை விட்டுப்போன பிரஷ்ஷால் துடைப்பாள். பதினோராம் நாள் வார்டன் தண்ணீர் கேட்டு உள்ளே வந்துவிட்டார். மேலே ஒன்றுமில்லாத அடுப்பில் மூன்று திருகும் திருகியிருந்தன. சுருளைத் தொட்டார், குளிர்ந்திருந்தது. மீட்டரைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்தது. ஃப்ளோரன்ஸுக்குப் பொய் வரவில்லை. காத்திவாக்கத்தில் சமையல் நடக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆறு மைல் என்றாள். நீராவிக் குழாய்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர், சற்று யோசித்து, வழியில் சூடு குறைகிறதா என்று கேட்டார்.

"இல்ல தொர. அரிசி கொழஞ்சே போவுதாம்."

அப்படியொரு குழாயைத் தான் பார்த்ததே இல்லை என்றார் வார்டன். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்துவிடுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அது ஐந்து வருடம் நடந்தது. காத்திவாக்கத்தில் மூன்று வீடு ஒன்பது வீடானது, ஒன்றரை மணிக்கே அரிசி களைந்து வைத்துக் காத்திருப்பார்கள்; சற்றுத் தாமதமானால் ஃப்ளோரன்ஸ் இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள் என்பார்கள். கெங்கம்மாவின் பேரன் இருமாமல் வளர்ந்தான். வருடத்துக்கு ஒருமுறை அய்யாத்துரை வந்து பல்பை வைத்துப் பார்த்து, சோதனை அட்டையில் எழுதிவிட்டுப் போவான். அடுப்பின் நிலை என்ற இடத்தில், நான்கு தட்டும் நன்றாக வேலை செய்கின்றன. அடுப்பு இருக்குமிடம் என்ற இடத்தில், ராயபுரம், காத்திவாக்கம்.