மாப்பிள்ளை வீட்டு நிலக்கரி

பல் டாக்டர் வீட்டு மாடியறை மேசையில் ஓடிக்கொண்டிருந்த, அசலைப்போலவே சின்னதாகச் செய்த மாதிரி ரயிலின் நிலக்கரி வேகன்கள், அந்த வருடம் மழை விட்ட வாரத்திலிருந்து, தினமும் காலையில் தாமாகவே நிரம்பியிருந்தன. முந்தின நாள் மாலை காலியாக நிறுத்திய அதே வேகன்கள்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். உள்ளே கடுகளவிலும் மிளகளவிலும் அசல் நிலக்கரி. டாக்டர் அதை ஒரு சின்னக் கரண்டியால் அள்ளி பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு, கைகழுவிக்கொண்டு கீழே கிளினிக்குக்கு இறங்குவார். முதல் வாரம் தெருவே மாடியேறி வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம், பால் விலை ஏறியதைப் பேசுகிற குரலிலேயே இதையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஒருவரால் மட்டும் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. டாக்டருடைய மனைவியின் அண்ணன் அவர். ஊரில் அவருக்கு வேகன்காரர் என்று பெயர். மாதிரி ரயில் சாமான் விற்கும் ஒரே கடை அவருடையது. யாராவது வாய்தவறி 'பொம்மை ரயில்' என்று சொல்லிவிட்டால், கேட்ட சாமான் கண்ணெதிரே அலமாரியில் இருந்தாலும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். எஞ்சின்மேல் அவருக்கு ஆசை கிடையாது. எஞ்சினை எல்லாரும் பார்ப்பார்கள், பின்னால் இழுபட்டு வருவதைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும் என்பார். அந்தக் காலத்தில் ஓடி, பிறகு உடைத்து விறகாக்கப்பட்ட மரத்தாலான நிலக்கரி வேகன்களைப் பற்றியதுதான் அவருடைய ஆராய்ச்சி முழுவதும். பக்கத்துக்கு எத்தனை பலகை, கதவு எப்படித் திறக்கும், எந்தச் சுரங்கத்து வேகனுக்கு எந்தச் சிவப்பு என்று தேடித்தேடி, மூடிப்போன சுரங்க ஆபீசுகளின் குப்பையைக் கிளறிப் புகைப்படங்கள் சேர்த்தார். கல்யாணமான புதிதில் கடற்கரைக்கு என்று சொல்லி மனைவியை அழைத்துப் போய், புல் முளைத்த ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில் மாலைவரை உட்கார வைத்தவர். அந்த அம்மாள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டாத வாரம் கிடையாது.

டாக்டருக்கோ இந்த விஷயத்தில் ஒன்றுமே தெரியாது. வேகனுக்கு முன்பக்கம் எது என்று கேட்டவர் அவர். மனைவியின் அண்ணன் கடை வைத்திருக்கிறாரே, எதையாவது வாங்குவோம் என்று வாங்கி ஓட்டியவர். நிரம்பிய வேகன்கள் அத்தனையும் வேகன்காரர் தன் கையால் பலகை பலகையாக ஒட்டிச் செய்து கொடுத்தவை. அவற்றோடு சேர்த்துச் செய்த கூடப்பிறப்புகள் அவர் வீட்டு மேசையில் வாயைப் பிளந்துகொண்டு காலியாக நின்றன. அவர் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு, வயிறு எரிய வந்து உட்காருவார்.

"கரிதானே, வாங்கிப் போட்டா போச்சு. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் கூடிக்கொண்டிருந்த ரயில் சங்கம் சொல்லாமல் கொள்ளாமல் டாக்டர் வீட்டு மாடிக்குக் குடிபெயர்ந்திருந்தது. அங்கே போய் ஒரு மூலையில் நின்று, டாக்டர் அப்பாவியாகச் சிரிப்பதைப் பார்ப்பது அவருக்கு முள்மேல் நிற்பதாக இருந்தது. மாப்பிள்ளை கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால்கூட வசதியாகத் திட்டியிருக்கலாம். அந்த மனிதரோ வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் மச்சான் கைராசி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி வந்தது. இந்த அதிசயத்தைத்தான் நடுவில் வைக்கப்போகிறோம் என்றார் செயலாளர். ஆனால் வெளியூர்க்காரர்கள் சந்தேகப்படுவார்கள். வேகன்காரர் ஒரு வார்த்தை அசல் என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நிலக்கரி வேகன் விஷயத்தில் அவர் சொன்னதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. அவருக்கென்று இருந்த சொத்தே அந்த வார்த்தை ஒன்றுதான்.

எல்லாரும் சுற்றி நிற்க, அவர் ஒரு வேகனை எடுத்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். பெரிய கட்டிகளை விளிம்பு நெடுகச் சுவர்போல அடுக்கி, நடுவில் பொடிக்கரியைக் குவித்திருந்தார்கள். அப்படி ஏற்றுவது ஒரே ஒரு சுரங்கத்து ஆட்களின் பழக்கம். அவர் சேர்த்த படங்களைத் தவிர வேறெங்கும் அதற்குச் சாட்சி கிடையாது. பலகை ஓரத்தில் எறும்புக் கால் கனத்தில் ஒரு சாக்பீஸ் கீறலும் இருந்தது, கரி ஏற்றியவன் தன் அடையாளத்துக்குப் போடுவது. வாழ்நாளெல்லாம் தேடியது மாப்பிள்ளை வீட்டு மாடிக்கு வந்து இறங்கியிருக்கிறது. வேகனைத் திருப்பிப் பார்ப்பதுபோல அந்தக் கீறலைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"கரியைத் துணியில சுத்தி சுத்தியலால தட்டி, டீ வடிகட்டியில சலிச்சிருக்கு. நாம எல்லாரும் பண்றதுதான்" என்றார்.

அத்தோடு முடிந்தது. கண்காட்சியின் நடுவில் யாரோ செய்த பாலத்தை வைத்தார்கள். டாக்டர் மட்டும், "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா யாரு கொண்டுவந்து போடறாங்க?" என்று மண்டையைக் குடைந்துகொண்டார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்தார், மறுநாளும் நிரம்பியிருந்தது. அப்படியென்றால் தூக்கத்தில் எழுந்துபோய்க் கரி உடைப்பது தான்தான் என்ற முடிவுக்கு வந்து, பயந்து, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கினார். மாத்திரைக்கும் கரி நிற்கவில்லை என்றதும் வேகன்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, மச்சான் வீட்டுக்கு மனைவியிடம் கொடுத்தனுப்பினார்.

தங்கை வாசலிலேயே நின்று பெட்டியை நீட்டினாள். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. "நீ சொன்னத அவரு நம்புவாரு. நான் உன்கூட வளர்ந்தவ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் வேகன்காரர் மேசையில் எல்லா வேகன்களும் நிரம்பியிருந்தன, திரும்பி வந்தவையும் கூடப்பிறந்தவையும். விளிம்பில் அதே சுவர். அவர் ஒரு முழு நாள் கடையைத் திறக்காமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அனுபவித்தார். சாயங்காலம் யாரிடமாவது காட்டவேண்டும் என்று செருப்பை மாட்டியபோதுதான், காட்ட முடியாது என்பது உறைத்தது. கரி அதைப்பற்றிக் கவலைப்படாமல் தினமும் வந்தது. பெயிண்ட் டப்பாக்களில் கொட்டினார், பிறகு மேசை இழுப்பறைகளில், பிறகு குளிர்காலச் சட்டைகளின் பைகளில். மனைவி துவைத்த வெள்ளைத்துணியெல்லாம் சாம்பல் நிறமாயிற்று. தலையணையை உதறினால் கறுப்புத் தூசி பறந்தது. சாக்பீஸ் கீறல் மட்டும் ஒரு நாளும் வரவில்லை. லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகத் தேடினார். இப்படியே வருடங்கள் போயின. தங்கை படியேறவில்லை.

கடைசியில் தாங்கமுடியாமல் ஒரு ஞாயிறு சங்கத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, இது அசல், சுரங்கத்திலிருந்து வருவது என்றார். செயலாளர் ஒரு கட்டியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, "நல்லாத்தான் சலிச்சிருக்கீங்க" என்றார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கலைந்தார்கள். விஷயம் தெரிந்து டாக்டர் அன்று மத்தியானமே வந்தார்.

"வந்தது நிஜமா மச்சான்?"

"நிஜம்."

"அப்போ எங்க வீட்டுல வந்தது?"

"அதுவும் நிஜம்தான். எனக்கு அன்னைக்கே தெரியும். பொறுக்கலை, அதான் அப்படிச் சொன்னேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ நான் தூக்கத்துல எழுந்து நடக்கலை" என்று சொல்லி, வருடக்கணக்காக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு எழுந்து, குனிந்து வேகன்களைப் பார்த்து, "நம்ம வீட்டைவிட இங்க நல்லா வந்திருக்கு" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கரியை இறக்க ஆரம்பித்தார். வேகன்காரர் அந்த முகத்தைப் பலகை பலகையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபமோ வருத்தமோ, ஒரு கடுகளவு பொறாமையோ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினார். எதுவும் இல்லை.

கரி இன்னும் வருகிறது. டாக்டர் கிளினிக் திறப்பதற்கு முன்னால் தினமும் வந்து இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார். தங்கை தெருமுனைவரை கூடவே வந்து, அங்கேயே நின்று திரும்பிவிடுகிறாள். வேகன்காரர் எதிரில் உட்கார்ந்து, உலகத்தில் தனக்கு வாய்க்காமல் போனது இந்த மனிதனின் மனசு ஒன்றுதான் என்று நினைத்து நினைத்து, முன்னைவிட அதிகமாக எரிந்துகொண்டிருக்கிறார்.